பை எடை

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் அரை அங்குலம் குட்டை, எழுதும்போது ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். நான் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன். உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. கையில் ஒரு வேலை இருந்தால் வரும்.

தமயந்தி டீச்சரைப் பற்றி இரண்டு வரி வேண்டும் என்கிறீர்கள். அவர் ஓய்வு பெறுகிறார், விழா வைக்கிறீர்கள், விழா மலர் அச்சுப் போடுகிறீர்கள். பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக முப்பது வருடம் போராடியவர் என்று அட்டையில் போடப் போகிறீர்களாமே. முப்பது இல்லை, முப்பத்து நான்கு. பேருந்தில் வந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டீர்களா? திருத்திக்கொள்ளுங்கள். சேந்தமேடு பால்வாடிக்கு அவர் டீச்சராக வந்தபோது நான் அங்கே ஆயாவாக மூன்று வருடம் முடித்திருந்தேன். நான் ஓய்வு பெற்று எட்டு வருடம். ஆக, சேர்ந்து வேலை பார்த்தது இருபத்தாறு வருடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இதை யாரும் எழுதமாட்டார்கள்.

என்னிடம் போகச் சொன்னது யார்? டீச்சரேயா? என்ன சொல்லி அனுப்பினார்? "வேடியம்மா அக்காவைப் போய்க் கேளுங்க, கேட்டா சொல்லுவாங்க" என்றா? அப்படியேவா? "கேட்டா" என்ற வார்த்தை இருந்ததா?

ம். இருக்கட்டும்.

டீச்சருக்கு வாய் உண்டு தம்பி. அதை நான் மறுக்கவில்லை. எனக்கு ஐந்தாம் வகுப்பு, அவருக்குப் பத்தாம் வகுப்பு. அந்த ஐந்து வகுப்பில் இவ்வளவு பேச்சா கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைப்பேன். கூரை ஒழுகுகிறது என்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார், ஒன்பது தடவை. பத்தாவது தடவை மழைத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரி மேஜைமேல் வைத்தார். கூரை வந்தது. செங்கல் சூளை முதலாளியிடம் சண்டை போட்டு, சூளைப் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்ப வைத்தார். பதினாலு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பந்தக்காலுக்கு முன்னால் போய் நிற்பார். செய்தித்தாளில் படம் வந்தது பதினோரு தடவை. அதில் நான் இருப்பது மூன்றில். அந்த மூன்றிலும் இரண்டில் என் முழங்கை மட்டும்தான்.

ஆனால் மேடையில் அவர் சொல்கிற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? என் நோட்டிலிருந்து. காலையில் பிள்ளைகளை எண்ணுவேன். சாப்பாட்டுக்கு முன் எண்ணுவேன். தூங்கி எழுந்ததும் எண்ணுவேன். முட்டை எண்ணுவேன், அழுகிய முட்டை தனியாக எண்ணுவேன். யாருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை நாள், யாருக்குக் காதில் சீழ், எல்லாம் நோட்டில் இருக்கும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பார்.

பிடித்து என்ன செய்வார்? கூட்டிச் சொல்வார்.

டீச்சர் வந்த இரண்டாவது வருடம். பெரிய அதிகாரி வந்திருந்தார், ஊர்க்கூட்டம். டீச்சர் எழுந்து, "ஐயா, எங்க பால்வாடியில முப்பத்தொன்பது பிள்ளைங்க. அதுல இருபது பிள்ளைங்களுக்கு ரத்தம் இல்ல" என்றார். இருபது இல்லை தம்பி. பதினெட்டு. நான் கடைசி வரிசையில் இருந்தேன். என்னை அறியாமல், "பதினெட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. என் வாழ்க்கையிலேயே கூட்டத்தில் நான் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "ஆயாம்மா கரெக்டா இருக்காங்களே, டீச்சர்தான் கொஞ்சம் தாராளம்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. அவர் திட்டமாட்டார், அதுதான் அவரிடம் கஷ்டம். "அக்கா, ரெண்டு பிள்ளை கூடச் சொன்னா, ரெண்டு பிள்ளைக்கு மாத்திரை கூட வரும். யாருக்கு நஷ்டம்? உன் கணக்கு உன் நோட்டுல இருக்கட்டும். கேட்டா சொல்லு" என்றார்.

கேட்டால் சொல்லு. சரி என்றேன். நான் ஒரு தடவை சரி என்றால் சரிதான். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் நோட்டில் இருக்கும்.

இப்போது எடைக்கு வருகிறேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்களே. மூடினால் மூடுங்கள்.

மாதம் ஐந்தாம் தேதி எடை நாள். ஐந்து ஞாயிறு என்றால் ஆறு. உத்தரத்தில் தராசு தொங்கும். கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரு ஊசி, கீழே ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு துணிப் பை. பையில் கால் நுழைய இரண்டு ஓட்டை. பிள்ளையை அதற்குள் விட்டால் ஊஞ்சல் மாதிரி தொங்கும், ஊசி நகரும். பாதிப் பிள்ளைகள் அழும், பாதி சிரிக்கும். முதலில் வெறும் பையை மாட்டி, ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். தராசுக்குப் பின்னால் அதற்கு ஒரு திருகாணி உண்டு. இல்லாவிட்டால் பையின் எடையும் பிள்ளையின் எடையோடு சேர்ந்துவிடும்.

எங்களுக்குள் வேலையில் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. ஊசி டீச்சர் வேலை. பிள்ளையைத் தூக்குவது என் வேலை. அவர் எண்ணைப் படிப்பார், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. சிவப்பில் விழுந்த பிள்ளைக்கு இரட்டைப் பங்கு சத்துமாவு, வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து பார்ப்பார், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. மஞ்சளுக்கு அதெல்லாம் இல்லை. மஞ்சளுக்கு டீச்சரின் பேச்சுதான். கேழ்வரகு கொடு, முருங்கைக்கீரை கொடு, கையைக் கழுவு.

நான் ஒரு நாளும் திருகாணியைத் தொட்டதில்லை. அவரும் ஒரு நாளும் பிள்ளையைத் தூக்கியதில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன் மே மாத எடை நாள். பழைய பை நைந்துபோயிருந்தது. சரவணன் என்று ஒரு குண்டுப் பிள்ளை, பதினைந்து கிலோ இருப்பான், தொங்கும்போது பை கிழிந்து பொத்தென்று விழுந்தான். அடி ஒன்றுமில்லை. எழுந்து, "இன்னொரு வாட்டி" என்றான். ஆனால் டீச்சர் பயந்துவிட்டார். "அக்கா, நீ ஒரு பை தைச்சுடு. நல்லா கெட்டியா, யானையை வெச்சாலும் கிழியாத மாதிரி" என்றார்.

தைத்தேன். லாரித் தார்ப்பாயில், இரண்டு மடிப்பு, நான்கு வார், இரும்பு வளையம். ஆறு நாள் வேலை. நான் ஒன்றைச் செய்தால் அரைகுறையாகச் செய்யமாட்டேன். அந்தப் பை இன்றுவரை ஒரு நூல் பிரியவில்லை. தைத்து முடித்ததும் மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பழக்கம்தான், எதையும் அளந்து வைப்பது. நானூற்று இருபது கிராம். பழைய பை நூற்று இருபது. வித்தியாசம் சரியாக முந்நூறு.

ஜூன் ஐந்தாம் தேதி டீச்சர் வந்தார். புதுப் பையைப் பார்த்து, "அக்கா, இது பையா, கோட்டையா?" என்று சிரித்தார். கொக்கியில் மாட்டினார். திருகாணியைத் தொடவில்லை. ஜனவரியில் பழைய பைக்குத் திருகி வைத்தது அப்படியே இருந்தது. "வரிசையா நில்லுங்க" என்றார்.

நான் பார்த்தேன். வெறும் பை தொங்கும்போதே ஊசி முந்நூறில் நின்றது. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பிள்ளையைத் தூக்கிப் பையில் விட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? ஊசி அவர் வேலை. நான் சொன்னேனே.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலம் நோட்டில் எழுதினேன். தூசி தட்டி எடுங்கள், அந்தப் பெட்டிமேல் இருக்கிறது பாருங்கள், நீல அட்டை. ஜூன் பக்கம் எடுங்கள். 'பை எடை 420. பழையது 120.' என் கையெழுத்துதான். எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்து டீச்சர் மேஜைமேல் வைத்தேன். படிக்கட்டும் என்று. மறுநாள் காலையில் வந்து என்ன செய்தார் தெரியுமா? அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். வட்டம் தெரிகிறதா? நானூற்று இருபதுக்கு மேலேயே விழுந்திருக்கிறது. அந்த டீக்கறை சாட்சி. நான் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

மே மாதம் எங்கள் பால்வாடியில் சிவப்பு ஆறு பிள்ளைகள். ஜூனில் இரண்டு. ஜூலையில் ஒன்று. ஆகஸ்டில் பூஜ்யம். ஒன்றியத்தில் மொத்தம் தொண்ணூற்று மூன்று பால்வாடி, சிவப்பே இல்லாத பால்வாடி எங்களுடையது மட்டும்தான். சூப்பர்வைசர் அம்மா வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி தமயந்தி செஞ்சே?" என்றார். டீச்சர் கண்ணில் தண்ணீர். "அம்மாங்க கூட்டம்தான்மா. வாராவாரம் உட்கார்ந்து பேசினேன். கேட்டுக்கிட்டாங்க" என்றார். நம்பினார் தம்பி. தன் பேச்சுதான் பிள்ளைகளுக்குச் சதை போட்டது என்று உண்மையாகவே நம்பினார். நான் மூலையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். நான் சிரித்தேன் என்று சூப்பர்வைசர் அம்மா பின்னால் யாரிடமோ சொன்னாராம். சிரிக்கவில்லை. உதடு கொஞ்சம் அசைந்திருக்கலாம்.

அமுலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சூளையில் வேலை பார்க்கிற கன்னியம்மாவின் பெண். அந்த ஜூனில்தான் இரண்டு வயது முடிந்து பால்வாடியில் சேர்ந்தாள். பேச்சு குறைவு. யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். என் மடிதான் பெரும்பாலும் காலி. தூக்கினால் கைக்குத் தெரியாது. கோழியைத் தூக்குவதுபோல் இருக்கும்.

அட்டையில் அவள் எடையைச் சொல்கிறேன், நோட்டைப் பார்க்க வேண்டாம், எனக்குத் தெரியும். ஜூனில் எட்டு இருநூறு, சிவப்புக் கோடு அவள் வயதுக்கு எட்டு நூறு. ஜூலையில் எட்டு முந்நூறு, கோடு எட்டு இருநூறு. ஆகஸ்டில் எட்டு நானூறு, கோடும் எட்டு நானூறு. கோட்டின்மேல் நின்றால் மஞ்சள் என்றார் டீச்சர். செப்டம்பரில் எட்டு அறுநூறு, கோடு எட்டு ஐந்நூறு. ஒவ்வொரு மாதமும் கோட்டின்மேல், இல்லாவிட்டால் ஒரு நூல் இழை மேலே. முந்நூறைக் கழித்தால்? கழித்துப் பாருங்கள். நான்கு மாதமும் சிவப்பு.

நான் கழித்து வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆயாவுக்கு ஒரு கொழுக்கட்டை உண்டு. சத்துமாவுக் கொழுக்கட்டை. அதில் பாதியைத் தினமும் அமுலுவுக்குக் கொடுத்தேன். எழுபத்தொரு அரைக் கொழுக்கட்டை. யாருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் எடை நாளன்று கன்னியம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். "டீச்சர், பிள்ள இன்னாமோ மாதிரி கீறா. எலும்பு கைக்குத் தட்டுது. பெரியாஸ்பத்திரிக்கு சீட்டு குடு டீச்சர், ஒரு வாட்டி காட்டிட்டு வரேன்" என்றாள்.

டீச்சர் அட்டையை எடுத்துக் காட்டினார். "இங்க பாரு கன்னியம்மா, புள்ளி எங்க இருக்கு? மஞ்சள்ல. போன மாசத்துக்கு நூறு கிராம் ஏறியிருக்கா. ஏறுற பிள்ளையைப் போய் ஆஸ்பத்திரியில போடுவாங்களா? கேழ்வரகுக் கூழ்ல கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடு. பயப்படாதே."

"அட்டை சொன்னா சரிதான்" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அமுலு என் இடுப்பில் இருந்தாள், அப்போதுதான் பையிலிருந்து எடுத்திருந்தேன். கன்னியம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

கேட்கவில்லை தம்பி. பார்த்தாள். பார்ப்பது வேறு, கேட்பது வேறு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டீச்சர் முன்னாலேயே சொல்லியிருப்பேன். 'ஆயாம்மா, நீ என்னா சொல்றே' என்று ஒரு வார்த்தை. நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை. சூளைப் பக்கம் தண்ணீர் கெட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. எட்டுப் பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள். அமுலு தாங்கவில்லை. காலையில் கன்னியம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது கண் செருகியிருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் விட்டால் வாயோரம் வழிந்தது. டீச்சர் செருப்புகூடப் போடவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், வந்த பால் வண்டியை மறித்தார். நான் சொன்னேனே, அவர் பிள்ளையைத் தூக்கியதில்லை என்று. அன்றுதான் தூக்கினார். தூக்கியதும் நின்றார். ஒரு நொடி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். ஏழு ஐந்நூறு. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் முன்னாடி எட்டு அறுநூறுன்னு எழுதியிருக்கு. ஒரு கிலோ நூறு எங்கம்மா போச்சு? எந்தக் கடையில எடை போட்டீங்க?" என்று கேட்டாராம். போன கணக்கு எனக்குத் தெரியும். எண்ணூறு கிராம் வயிற்றுப்போக்கு. முந்நூறு நான்.

முந்நூறு பை. பை என்று சொல்ல வந்தேன்.

செவ்வாய் விடியற்காலம் போய்விட்டாள்.

டீச்சர் புதன்கிழமை வந்தார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால். தராசை மாட்டினார், பையை மாட்டினார், ஊசியைப் பார்த்தார். பையைக் கழற்றினார், ஊசியைப் பார்த்தார். மறுபடி மாட்டினார். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்றார். "இந்தப் பை எவ்வளவு எடை?"

கேட்டார். நூற்றுப் பதினாறு நாளுக்குப் பிறகு கேட்டார்.

"நானூத்தி இருபது டீச்சர். பழையது நூத்தி இருபது. வித்தியாசம் முந்நூறு. ஜூன் அஞ்சுலேர்ந்து" என்றேன். ஒரு எண்ணில்கூடத் தடுமாறவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏங்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

திட்டியிருக்கலாம். துடைப்பத்தைப் பிடுங்கி அடித்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கூட்டி முடிக்காத பக்கம், புழுதியில். நான் அந்த இடத்தை விட்டுவிட்டு மீதியைக் கூட்டினேன். ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைத் திட்டக்கூட மாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

அக்டோபர் ஐந்து, எடை நாள். டீச்சர் முதலில் வெறும் பையை மாட்டித் திருகாணியைத் திருகினார். ஐந்து நிமிஷம் திருகினார். நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினேன். நாற்பத்து மூன்று என்று சொன்னேன். டீச்சர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மறுபடி எண்ணினேன், ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"நாப்பத்திரண்டுக்கா" என்றார் டீச்சர். மெதுவாக.

இருபத்தாறு வருடத்தில் என் எண்ணிக்கையை அவர் திருத்தியது அந்த ஒரு தடவைதான். மூன்றாவது முறை எண்ணினேன். எனக்கு நாற்பத்து மூன்றுதான் வந்தது. எழுதும்போது நாற்பத்திரண்டு என்று எழுதினேன், அவர் சொன்னதற்காக. அன்று சிவப்பு ஏழு.

அந்த மாதம் ஒன்றியத்தில் கூட்டம். சிறந்த பால்வாடி என்று எங்களுக்குக் கேடயம் கொடுக்கிற கூட்டம். கேடயத்தில் பெயர்கூட வெட்டியாகிவிட்டது. தொண்ணூற்று மூன்று டீச்சர், தொண்ணூற்று மூன்று ஆயா. தமயந்தி டீச்சர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "எனக்கு இது வேண்டாம். என் பால்வாடியில நாலு மாச எடையும் தப்பு. பை மாத்தினோம், ஊசியை நான் பூஜ்யத்துல வைக்கல. முந்நூறு கிராம். அதனால ஒரு பிள்ளைக்குச் சீட்டு குடுக்காம விட்டேன். அவ பேரு அமுதவல்லி, அமுலுன்னு கூப்பிடுவோம்" என்றார். கூட்டிச் சொல்லவில்லை. முந்நூறு என்றால் முந்நூறு. அதற்கு அப்புறம் எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு எண்ணையும் கூட்டிச் சொன்னதில்லை, அதை நான் கவனித்திருக்கிறேன்.

நான் கடைசி வரிசையில் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லுவார், 'பை தைத்தது வேடியம்மா, எடை தெரிந்தும் சொல்லாதது வேடியம்மா' என்று. சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு மெமோ வந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒன்றியம் ஒன்றியமாக. பால்வாடி டீச்சர்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் பையைக் கையில் தூக்கிக் காட்டுவார். "ஒவ்வொரு மாசமும் முதல் பிள்ளையைத் தூக்குறதுக்கு முன்னாடி பையை எடை போடுங்க. பதிவேட்டுல முதல் வரியா எழுதுங்க." மூன்று வருடம் கத்தினார். சில இடத்தில் சிரித்தார்கள். ஒரு அதிகாரி, "ஏம்மா, துணிப் பைக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார். விடவில்லை. கடைசியில் இந்த ஒன்றியத்தில் எல்லாப் பதிவேட்டிலும் அந்த வரி வந்துவிட்டது. மேலே, முதல் வரி: 'பை எடை.' நீங்கள் விழா எடுப்பதே அந்த வரிக்காகத்தானே?

அந்த வரி முதலில் யார் எழுதியது? நோட்டைப் பாருங்கள். டீ வட்டத்துக்குள் பாருங்கள்.

இருபத்தாறு கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். என் பெயர் ஒரு தடவை வந்ததா? "நாங்க ஒரு பை தைச்சோம்" என்பார். நாங்களா? ஆறு நாள் ஊசியில் விரல் குத்திக்கொண்டு தைத்தது நான். "எனக்குத் தெரியாமப் போச்சு" என்பார். அவருக்குத் தெரியாது, சரி. தெரிந்த ஒரு ஆள் அதே அறையில் பின்னால் உட்கார்ந்திருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாமா? இருபத்தாறு தடவையும் காத்திருந்தேன். இருபத்தாறு தடவையும் அந்த இடம் வந்ததும் என் பக்கம் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவார். நல்லதிலும் என் பெயர் இல்லை. கெட்டதிலும் இல்லை. அந்த முழங்கைப் படம் மாதிரி. இதுதான் தம்பி எனக்கு வயிற்றெரிச்சல். மற்ற எல்லாவற்றையும் விடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று மற்ற ஆயாக்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், அது தினமும் இரண்டு நிமிஷம் பிந்துகிறது. டீச்சர் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் இந்தப் பை. துவைத்து, மடித்து. ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எட்டு வருடமாக யோசிக்கிறேன், இதை எதற்குக் கொடுத்தார் என்று. யோசனை ஓடமாட்டேன் என்கிறது.

எழுந்துவிட்டீர்களா? இரண்டு வரி இன்னும் சொல்லவில்லையே. சரி, எழுதிக்கொள்ளுங்கள். 'தமயந்தி டீச்சர் முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்காக உழைத்தார். அவர் சொன்ன எண்கள் எல்லாம்...' இல்லை. அடித்துவிடுங்கள். 'அவர் யாரையும் திட்டமாட்டார்.' இதை எழுதுங்கள். இது போதும்.

கொஞ்சம் இருங்கள். நோட்டைப் பார்த்தீர்கள், பையைப் பார்க்கவில்லையே. உங்கள் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எடுங்கள், பரவாயில்லை, எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். கனமாகவா இருக்கிறது? இல்லைதானே. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கையில் பிடித்தால் யாருக்கும் தெரியாது.

கேளுங்கள் தம்பி. டீச்சர் உங்களை எதற்கு அனுப்பினாரோ, அதைக் கேளுங்கள். பையின் எடை இல்லை, அதைத்தான் சொல்லிவிட்டேனே. அமுலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேனே, அன்று கன்னியம்மா என்னைப் பார்த்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேளுங்கள்.

கேட்டால் சொல்லுவேன்.